செத்துப்போன நெட்வொர்க்கின் சொத்துக் கணக்கு: ஏர்செல் டவர்கள் பற்றிச் சில குறிப்புகள்

ஏர்செல் மூடிய கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2018 பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் திடீரென்று சிக்னல் போனது. ஏர்செல் கடைகள் முன்னால் கூட்டம் கூடியது. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற எஸ்.எம்.எஸ். அனுப்பவே சிக்னல் தேடி அலைந்தோம். ஏப்ரல் 15-க்குள் மாறிக்கொள்ளுங்கள் என்று ட்ராய் சொன்னது, மாறினோம். 98420 என்று ஆரம்பிக்கும் நம்பர்கள் இன்னமும் பலரிடம் இருக்கின்றன. உள்ளே ஓடுவது மட்டும் வேறு கம்பெனி.

வாடிக்கையாளர் பக்கத்துக் கதை அத்தோடு முடிந்தது. இந்தக் குறிப்பு மறுபக்கத்தைப் பற்றியது. எட்டு கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்திய ஒரு நெட்வொர்க்கின் டவர், பேட்டரி, ரேடியோ பெட்டி, ஆன்டெனா எல்லாம் என்ன ஆயின? டெல்டா பக்கம் 'பாக்கெட் இன்டர்நெட்' போட்டு முதன்முதலாக மெயில் பார்த்தவர்கள் நிறையப் பேர். அந்த மெயிலைக் கொண்டுவந்த சாமான் எங்கே போனது என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. பாபநாசம் தாண்டி வயலுக்கு நடுவில் ஆன்டெனா இல்லாமல் நிற்கும் டவர்களைப் பார்க்கிறவர்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும்.

முதலில் ஒரு விஷயம். டவருக்கு அடியில் நின்று மேலே பார்த்தால் ஒரே பொருள் மாதிரி தெரியும். ஆனால் கணக்குப்படி அது பல பேருடைய பொருள். கீழேயிருந்து போவோம். மண் பட்டாதாரருடையது. அதற்கு மேல் கான்கிரீட்டும் கால்வனைஸ் செய்த இரும்புக் கோணங்களும் டவர் கம்பெனியுடையது. பக்கத்தில் இருக்கும் ஜெனரேட்டர், ரெக்டிஃபயர், பேட்டரி, ஏசி பெட்டி ஆகியவையும் பெரும்பாலும் டவர் கம்பெனியுடையவைதான். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பேஸ் ஸ்டேஷன், மேலே போகும் கேபிள், ஆன்டெனா, வட்டமான மைக்ரோவேவ் டிஷ், இவை செல்போன் கம்பெனியுடையவை, அவையும் பெரும்பாலும் வங்கியில் அடமானத்தில். பேஸ் ஸ்டேஷனை ஓட்டும் மென்பொருளின் உரிமம் அதைச் செய்து கொடுத்த எரிக்ஸனோ நோக்கியாவோ ஹுவாவேயோ வைத்திருப்பது. ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை அரசாங்கத்துடையது. கம்பெனிக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டும், அதுவும் 20 வருஷத்துக்கு. 98420 என்ற நம்பரும் அரசாங்கத்துடையதுதான்.

கம்பெனி உயிரோடு இருக்கும்வரை இதெல்லாம் மாத வாடகை, கரண்ட் பில், பராமரிப்பு ஒப்பந்தம் என்ற கயிறுகளால் கட்டப்பட்டு ஒரே பொருளாக இருக்கும். பணம் நின்றதும் கயிறு அறுகிறது. அப்புறம் ஒவ்வொரு துண்டும் தன் தன் வழியில், தன் தன் வேகத்தில் போகிறது. ஈயம் சில வாரத்தில் போய்விடும், அலைக்கற்றை வழக்கு வருஷக்கணக்கில் ஓடும், இரும்பு அப்படியே நிற்கும்.

ஏர்செல் விஷயத்தில் கயிறு அறுவது 2018-க்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1999-ல் தமிழ்நாட்டில் சி. சிவசங்கரன் ஆரம்பித்த கம்பெனி அது. பிறகு மலேசியாவின் மேக்சிஸ் கைக்குப் போனது. 2010-ல் தன்னுடைய 17,500 டவர்களை ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் குழுமத்துக்கு 8,400 கோடி ரூபாய்க்கு விற்றது. விற்றுவிட்டு அதே டவர்களில் வாடகைக்கு இருந்துகொண்டது. வீட்டை விற்று அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது மாதிரி. அதே வருஷம் நடந்த ஏலங்களில் 13 வட்டங்களுக்கு 3ஜி அலைக்கற்றையும், 8 வட்டங்களுக்கு 2300 மெகாஹெர்ட்ஸில் பிராட்பேண்ட் அலைக்கற்றையும் வாங்கியது. இரும்பை விற்று அலையை வாங்கினார்கள் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் அது புத்திசாலித்தனமாகத்தான் பேசப்பட்டது.

டவரை வாங்குவதற்கென்றே 'சென்னை நெட்வொர்க் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' என்று ஒரு தனி கம்பெனி உண்டாக்கப்பட்டு, பின்னால் ஜிடிஎல் இன்ஃப்ராவோடு இணைக்கப்பட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2005 வாக்கில் ஏர்செல்லுக்கு இடம் கொடுத்த ஒருவரிடம் இருக்கும் பத்திரத்தில் ஒரு பெயர், கொஞ்ச நாள் வந்த செக்கில் இன்னொரு பெயர், கடைசியாகக் கடிதம் போட வேண்டிய முகவரியில் மூன்றாவது பெயர். நான்கு கால் டவர் ஒரு அங்குலம்கூட நகரவில்லை, முதலாளி இரண்டு முறை மாறிவிட்டார். (எல்லா ஏர்செல் ஆன்டெனாவும் ஜிடிஎல் டவரில் இருந்தது என்று நினைக்க வேண்டாம். மற்ற டவர் கம்பெனிகளிடமும் வாடகைக்கு இருந்தார்கள்.)

அலையையும் முழுசாக வைத்துக்கொள்ளவில்லை. 2016 ஏப்ரலில் அந்த 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை எட்டு வட்டங்களிலும் சேர்த்து ஏர்டெலுக்கு 3,500 கோடிக்கு விற்றார்கள். அந்த எட்டில் தமிழ்நாடும் ஒன்று. அதாவது 2018-ல் ஏர்செல்லிலிருந்து ஏர்டெலுக்கு மாறி 4ஜி பார்த்தவர்களில் பலர், முன்பு ஏர்செல் வைத்திருந்த அலையிலேயே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் ஏர்செல் வாங்கிய விலை 3,438 கோடி. ஆறு வருஷ வட்டியை யோசித்துப் பாருங்கள்.

2017 அக்டோபரில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணையும் திட்டம் உடைந்தது. 2018 ஜனவரி கடைசியில் ஆறு வட்டங்களில் கடையை மூடினார்கள். பிப்ரவரியில் டவர் கம்பெனிகள் வாடகை பாக்கிக்காக சைட்டுகளை அணைக்க ஆரம்பித்ததும் தமிழ்நாட்டில் சிக்னல் போனது. பிப்ரவரி 28-ல் திவால் மனு. மார்ச் 12-ல் மும்பையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. அன்று வங்கிக் கடன் சுமார் 15,500 கோடி என்று சொல்லப்பட்டது.

அந்த மார்ச் 12 முக்கியமான தேதி. 2016-ன் திவால் சட்டப்படி மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஒரு தடைக்காலம் ஆரம்பிக்கிறது. கம்பெனி மேல் யாரும் வழக்குப் போடக் கூடாது, சொத்தை ஜப்தி செய்யக் கூடாது, கம்பெனியின் கைவசம் இருக்கும் இடத்தை அதன் சொந்தக்காரர்கூடத் திரும்ப எடுக்கக் கூடாது. நோக்கம் நல்லது. ஆளுக்கு ஒன்றாகப் பிய்த்துக்கொண்டு போனால் கம்பெனியை முழுசாக யாருக்கும் விற்க முடியாது, அதனால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்கிறது சட்டம்.

ஒரு சிமென்ட் ஆலைக்கு இது சரியாக வரும். சுற்றுச்சுவர் இருக்கும், கேட் இருக்கும், வாட்ச்மேன் இருப்பார். செல்போன் நெட்வொர்க்குக்கு ஆயிரக்கணக்கான கேட், ஒவ்வொன்றும் ஒரு வயலிலோ மொட்டை மாடியிலோ. வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுத்தது டவர் கம்பெனி. அதன் பெரிய வாடிக்கையாளரே போய்விட்டார். சட்டம் கையைக் கட்டச் சொன்னது சட்டத்துக்குப் பயப்படுகிறவர்களை மட்டும்தான். மற்றவர்கள் ராத்திரி வந்தார்கள்.

முதலில் போவது டீசல். அடுத்து பேட்டரி. டவரில் இருப்பது 48 வோல்ட் மின்சாரம். 2 வோல்ட் செல் 24 சேர்த்து வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு செல்லும் ஈயம், நல்ல கனம். உருக்கினால் எங்கிருந்து வந்தது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்து செம்பு: பேஸ் ஸ்டேஷனிலிருந்து ஆன்டெனாவுக்கு ஏறும் கட்டை விரலை விடத் தடிமனான ஃபீடர் கேபிள், மண்ணில் புதைத்த எர்த் பட்டை, ஏசியின் காயில். இதற்குப் பிறகுதான் எலெக்ட்ரானிக்ஸ்.

எலெக்ட்ரானிக்ஸுக்கு விலை அதிகம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். புதிதாக வாங்கும்போது அப்படித்தான். ஆனால் திருடிய பேஸ் ஸ்டேஷன் தனியாக எதற்கும் ஆகாது. அது ஒரு கன்ட்ரோலரோடு பேசினால்தான் உயிர், அந்தக் கன்ட்ரோலர் எங்கோ சென்னையில் அணைந்து கிடக்கிறது. மென்பொருள் உரிமம் இல்லை. உரிமமில்லாமல் அந்த அலைவரிசையில் அலை பரப்பினால் குற்றம். வயர்லெஸ் சாதனத்தை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே 1933-ன் வயர்லெஸ் தந்திச் சட்டப்படி குற்றம். நம் வீட்டு வைஃபை ரூட்டருக்கு இந்தக் கவலை இல்லாததற்குக் காரணம், 2.4 கிகாஹெர்ட்ஸை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸை வெளியிடங்களுக்கும் சேர்த்து 2018-லும் உரிமம் தேவையில்லாத பட்டையாக அரசு விடுவித்ததுதான். மைக்ரோவேவ் டிஷ்ஷின் கதை இன்னும் வேடிக்கை. அந்த ரேடியோக்கள் ஜோடியாகத்தான் வரும்: ஒருமுனை மேல் அலைவரிசையில் அனுப்பும், மறுமுனை கீழ் அலைவரிசையில். திருவையாற்றில் இருப்பதை ஒருத்தர் கழற்றிக்கொண்டு போய்விட்டால், அடுத்த ஊரில் இருக்கும் அதன் ஜோடி ஒழுங்காக இருந்தும் உபயோகமில்லை.

ஆகவே பெட்டிகள் இரண்டு வழியில் போகும். நல்ல நிலையில், ரசீதோடு, அட்டை அட்டையாகக் கழற்றப்பட்டால் உதிரிபாகச் சந்தை இருக்கிறது; அதே மாடலை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் கம்பெனிகள் வேறு நாடுகளில் உண்டு. ரசீது இல்லாவிட்டால் காயலாங்கடை. அலுமினியக் கூடு தனி, செம்பு தனி, சர்க்யூட் போர்டு மூட்டை கட்டி வடக்கே, டெல்லி சீலம்பூர், மொராதாபாத் மாதிரி இடங்களுக்கு. அங்கே ஆசிட்டில் போட்டுத் தங்கம் எடுப்பார்கள். சில பழைய ரேடியோ பவர் டிரான்சிஸ்டர்களுக்குள் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். முழுசாக இருக்கும்வரை தொந்தரவு இல்லை. சுத்தியலால் உடைத்தால் வரும் தூள் நுரையீரலுக்கு விஷம். உடைக்கிறவருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

தஞ்சாவூரில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அண்ணே, டவர் கோணம் வந்தா எடுப்பீங்களா?"

"தம்பி, பேப்பரோட வந்தா எடுப்போம். கால்வனைஸ் கோணம், பட்டறைக்காரங்க ஷெட்டு போடவே கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. பேப்பர் இல்லாம வந்தா பாக்கவே மாட்டோம். ஓட்டை வரிசையைப் பாத்தாலே டவருன்னு தெரிஞ்சிடும்ல."

எல்லோரும் அவரைப் போல இல்லை. 2022-ல் செய்திகளில் வந்தது: தமிழ்நாட்டில் ஜிடிஎல்லுக்கு 6,000-க்கும் மேல் டவர், அதில் 600-க்கும் அதிகமானவை காணாமல் போயின என்று போலீஸில் புகார். கொரோனா ஊரடங்கில் யாரும் போய்ப் பார்க்காத காலம். முதலில் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. வடிவேலு கிணற்றைக் காணோம் என்று சொன்ன மாதிரி, டவரைக் காணோமா? ஆனால் அதே வருஷம் நவம்பரில் பாட்னாவில் நடந்ததைப் பார்த்தால் எப்படி என்று புரியும். கம்பெனி ஆட்கள் என்று சொல்லி ஒரு கும்பல் வந்தது, வாடகை வராமல் வெறுத்துப்போயிருந்த வீட்டுக்காரர் சந்தோஷமாக அனுமதித்தார், பட்டப்பகலில் நிதானமாகக் கழற்றி லாரியில் ஏற்றிப் போனார்கள். அந்த டவரும் பழைய ஏர்செல் டவர்தான். மொத்தத்தில், இந்த நெட்வொர்க்கைக் கழற்றும் வேலையில் ஒரு பங்கைத் திருடர்களே செய்து முடித்திருக்கிறார்கள்.

காகிதத்தில் இருந்த சொத்து இதற்கு நேர் எதிரான வேகத்தில் போனது. திவால் நடவடிக்கைக்கு அப்போது சட்டம் வைத்திருந்த கெடு 270 நாள். 2019-ல் அதை 330 ஆக்கினார்கள். ஏர்செல்லுக்கு ஒரு தீர்வுத் திட்டம் மும்பைத் தீர்ப்பாயத்தில் ஒப்புதல் பெற்றது 2020 ஜூன் 9-ல். நான் எண்ணிப் பார்த்தேன், 820 நாள். வாங்கியது யூ.வி. அசெட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற சொத்து மறுசீரமைப்புக் கம்பெனி. திரும்ப நெட்வொர்க் நடத்துவதற்காக அல்ல. இருப்பதை விற்று வங்கிகளுக்குக் கொடுக்க. இருப்பதில் பெரியது மிச்சமிருந்த அலைக்கற்றை.

அப்போது தொலைத்தொடர்புத் துறை குறுக்கே வந்தது. உரிமக் கட்டணம், அலைக்கற்றைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஏர்செல் குழுமம் எங்களுக்குப் பன்னிரண்டாயிரம் கோடிக்கு மேல் தரவேண்டும், அதைக் கட்டாமல் அலையை எப்படி விற்பீர்கள் என்று கேட்டது. உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பர் 1-ல் கேள்வியைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அலைக்கற்றையைப் பயன்படுத்தும் உரிமை சொத்துதான், ஆனால் அரசின் பாக்கியைத் தீர்க்காமல் திவால் வழியாக அதைக் கைமாற்ற முடியாது என்றது. வங்கிகள் மறுபடி உச்ச நீதிமன்றம் போயின. வங்கி பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அரசு பக்கத்திலும் இருக்கிறது. எனக்குத் தோன்றுவது வேறு. அலைக்கற்றை அரிசி மாதிரி மூட்டை கட்டிக் குடோனில் வைக்கக்கூடியது இல்லை. இன்று பயன்படுத்தாத அலை இன்றே வீண். 20 வருஷ உரிமத்தில் வழக்கு நடந்த ஒவ்வொரு மாதமும், விற்க வைத்திருந்த சரக்கு கரைந்துகொண்டிருந்தது.

அணைந்த நெட்வொர்க்கை வேறு மாதிரி நடத்தியதும் உண்டு. அமெரிக்காவில் மெட்ரிகாம் என்று ஒரு கம்பெனி, 'ரிகோஷே' என்ற பெயரில் தெருவிளக்குக் கம்பங்களில் சின்னச் சின்ன ரேடியோ பெட்டிகளை மாட்டி வயர்லெஸ் இன்டர்நெட் கொடுத்தது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, ஐம்பதாயிரத்துச் சொச்சம் வாடிக்கையாளர்களோடு 2001 ஜூலையில் திவால். ஆகஸ்டில் அணைத்தார்கள். செப்டம்பர் 11-ல் நியூயார்க்கில் கோபுரங்கள் தாக்கப்பட்டதும், மெட்ரிகாமின் பழைய ஊழியர்கள் போய், கம்பங்களில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்த ரேடியோக்களை மீட்புப் பணிக்காரர்களுக்காக உயிர்ப்பித்தார்கள். அந்த நவம்பரில் இன்னொரு கம்பெனி மொத்த நெட்வொர்க்கையும் 82 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கி, அடுத்த வருஷம் டென்வரில் மறுபடி சேவை கொடுத்தது. காரணம் எளிது. ரேடியோ ஒரே கம்பெனியுடையது, பெரும்பகுதி உரிமம் தேவையில்லாத அலைவரிசையில் ஓடியது, கம்பத்தில் ஏற்கெனவே கரண்ட் இருந்தது. துண்டுகள் குறைவு, ஒரு சாவிக்கொத்து போதும்.

நம்ம பக்கத்தில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். ஏர்செல் அணைந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது. லட்சம் மின்கம்பங்களுக்கு மேல் விழுந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போன் இல்லை. வெளியூரில் இருந்த பிள்ளைகள் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். அப்போது டெல்டாவில் ஒரு முழு நெட்வொர்க்கின் சாமான் சும்மா கிடந்தது. அதை எழுப்ப வேண்டுமானால் யார் யார் சம்மதம் வேண்டும்? டவருக்கு ஒருவர், பெட்டிக்கு மும்பையில் தீர்ப்பாயம் நியமித்த அதிகாரி, அலைக்கு டெல்லி, ஈபி இணைப்புக்குப் பாக்கி கட்டுகிறவர், பேட்டரிக்கு... பேட்டரியைத்தான் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே. எழுப்பியிருந்தாலும் எவ்வளவு தாங்கியிருக்கும் என்பது தனிக் கேள்வி. ஆனால் யாரும் முயற்சி செய்யக்கூடிய நிலையிலேயே அது இல்லை.

இனி கடைசித் துண்டு, மண். இதுதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அய்யம்பேட்டைப் பக்கம் ஒரு குடும்பம், மூன்று ஏக்கர் நஞ்சை. சாலையோரமாக ஐந்தாறு சென்ட்டை டவருக்கு விட்டிருக்கிறார்கள். அந்த ஐந்தாறு சென்ட்டில் குறுவையும் தாளடியும் போட்டு எடுப்பதை விட டவர் வாடகை பல மடங்கு. மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் வரும். அதை நம்பி பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட்டு எடுத்திருக்கலாம். 2018-ல் வாடகை நின்றது. இப்போது அவர் நிலை என்ன?

ஏர்செல் திவால் வரிசையில் அவருக்கு இடமே இல்லை. அவருடைய ஒப்பந்தம் டவர் கம்பெனியோடு. வங்கிகள் வரிசையில் முன்னால், உபகரணம் சப்ளை செய்தவர்கள் பின்னால், இவர் வரிசைக்கே வெளியில். டவர் கம்பெனி மேல் வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தில் பெரும்பாலும் தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பு, இடம் மும்பை என்று ஒரு வரி இருக்கும். பாக்கிக்கு டவரைக் கழற்றி விற்றுக்கொள்ளலாமா? கூடாது, அது அடுத்தவர் சொத்து, இவர் மேலேயே திருட்டு வழக்கு வரும். வேலிபோட்டு விவசாயம் செய்யலாமா? நான்கு கால்களுக்கு அடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாகக் கான்கிரீட் இருக்கிறது. களிமண் நிலம், தண்ணீர் மட்டம் மேலேயே இருக்கும் ஊர். டவர் சாயாமல் இருக்க அவ்வளவு போட்டுத்தான் ஆக வேண்டும். டிராக்டர் நுழையாது. நெல் அறுக்கும் மெஷின் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஒருநாள் கம்பெனியே கழற்ற முன்வந்தாலும் டெல்டாவில் அதற்குப் பருவம் பார்க்க வேண்டும். கிரேனும் லாரியும் சேற்றில் இறங்காது. சம்பா அறுத்தபின் ஜூன் 12-க்குள்தான் தரை காயும். அந்த இடைவெளியிலும் வயலில் உளுந்தோ பயறோ நிற்கும். வழி விட வேண்டியவர் பக்கத்து வயல்காரர். இதற்கெல்லாம் ஆகும் செலவைக் கழற்றிய இரும்பின் விலையிலிருந்து கழித்துப் பார்த்தால், சும்மா நிற்கட்டும் என்று கம்பெனி விடுவது ஏன் என்று விளங்கும். கான்கிரீட்டைத் தோண்டி எடுப்பதில் கம்பெனிக்கு லாபம் ஒரு பைசா இல்லை.

சட்டங்கள் இந்த ஐந்தாறு சென்ட்டை எப்படிப் பார்க்கின்றன என்று தேடினேன். 2016-ன் மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் செல்போனின் பெயர் இருந்தது, பேஸ் ஸ்டேஷன் பெயர் இல்லை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புது விதிகளில் பேஸ் ஸ்டேஷனையும் அதன் பாகங்களையும் சேர்த்துவிட்டார்கள், நல்லது. ஆனால் அந்த வரியிலேயே, டவரின் கட்டமைப்பு நீங்கலாக என்று இருக்கிறது. பேட்டரிக்கு 2022-ல் தனி விதி வந்தது. டவரின் இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் இந்த இரண்டிலும் இடமில்லை. 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் இன்னொன்று சொல்கிறது: நிலத்தின் மேல் உள்ள கடன், வில்லங்கம், திவால் எதுவும் அதில் நிற்கும் நெட்வொர்க்கைப் பாதிக்காது. நிலத்துக்காரர் கடனில் மூழ்கினாலும் டவருக்கு ஆபத்தில்லை. நெட்வொர்க்காரர் மூழ்கினால் நிலத்துக்கு என்ன என்ற மறுபக்கத்துக்கு அதுபோல ஒரு வரி கண்ணில் படவில்லை.

ஏர்செல்லுக்கு முன்பே சின்ன அளவில் இது நடந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு உருவாக்கிய 'கோர்டெக்ட்' வயர்லெஸ் தொழில்நுட்பத்தை வைத்து, என்-லாக் என்ற கம்பெனி 2000-க்குப் பிறகு மேலூர் மாதிரி இடங்களில் கிராம இன்டர்நெட் மையங்களைத் திறந்தது. 35, 70 கிலோபிட் வேகம். அன்றைக்கு அது பெரிய விஷயம். சில வருஷங்களில் பெரும்பாலான மையங்கள் மூடின. கூரைமேல் ஆன்டெனா, சுவரில் ஒரு பெட்டி. வேறு எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் பெட்டி வேலை செய்யாது என்பதால் அதற்கு மறுவிலை கிடையாது. ஆனாலும் அங்கே ஒரு நன்மை இருந்தது: ஏணி வைத்து ஏறினால் அரை நாளில் கழற்றிவிடலாம்.

இப்போது 5ஜிக்காக மறுபடி இடம் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "மாப்ள, படிச்சுச் சொல்லு" என்றார். நான் வக்கீல் இல்லை. ஆனாலும் மேலே எழுதியதை வைத்து நான்கு இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். கம்பெனி கைமாறினால் எத்தனை நாளில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்? வாடகை இத்தனை மாதம் நின்றால் ஒப்பந்தம் தானாக முடியும் என்று இருக்கிறதா, அப்படி முடிந்தபின் சாமானை எடுக்கக் கெடு எவ்வளவு? கழற்றும் செலவுக்காக ஆரம்பத்திலேயே ஒரு தொகையை டெபாசிட்டாக வாங்க முடியுமா? நான்காவது, கழற்றும்போது கான்கிரீட்டை எவ்வளவு ஆழம்வரை எடுத்துத் தர வேண்டும்? ஏர் போகும் அளவுக்காவது எடுத்துத் தர வேண்டும் என்று எழுதிக் கேட்கச் சொன்னேன். முதல் இரண்டுக்கும் கம்பெனி ஆள் சரி என்றாராம். டெபாசிட்டுக்குச் சிரித்தாராம். கான்கிரீட் பற்றி மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.